அடிபட்டவர் கூட வந்தால்

முதல் குத்து தாடையில் விழுந்தது. இரண்டாவது எங்கே விழுந்தது என்று தெரியாது. அதற்குள் நான் தரையில் கிடந்தேன். கயிற்றால் கட்டி ஆட்டோவில் கொண்டுவரப்பட்ட ஒரு மனிதர், கட்டை அவிழ்த்த கையோடு எனக்குச் செய்த மரியாதை அது. திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் நான் நர்ஸ். அடி வாங்குவது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்கு ஆடிப்போன கடைவாய்ப் பல் ஒன்று, டீ கொஞ்சம் சூடாக இருந்தாலும் இன்றுவரை அவரை ஞாபகப்படுத்துகிறது.

நான்கு பேர் சேர்ந்து அவரைக் கட்டிலில் அமுக்கினார்கள். ஒருவரின் புறங்கையைக் கடித்தார். மேஜைக் கண்ணாடியை உதைத்து உடைத்தார். "அண்ணன் கொன்னுடுவான், அவள கொன்னுடுவான்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தார். நான் எழுந்து, வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டு ஊசி போட்டேன். கோபம் இல்லையென்று சொன்னால் பொய். கோபத்தை விழுங்கத்தான் எங்களுக்குச் சம்பளம். நான் பெரும்பாலும் பாதிதான் விழுங்குவேன்.

அவர் கண் சொருகித் தூங்கிய பிறகுதான் கூட வந்தவர்களைப் பார்த்தேன். இரண்டு பேர். ஒருவர் அவருடைய அண்ணன். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், உடம்பில் ஒரு கீறல் கிடையாது. டாக்டரிடம் கைகட்டி நின்று தெலுங்கில் பேசினார். இன்னொருவர் நோயாளியின் மனைவி. இடது முன்கையில் மாவுக்கட்டு. புருவத்துக்கு மேல் தையல், கறுப்பு நூல் இன்னும் பிரிக்கப்படவில்லை. நானும் நகரிப் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண்தான் என்று என் பேச்சிலேயே தெரிந்துகொண்ட அண்ணன், தமிழுக்கு மாறினார்.

"நாடாவ எடுத்து அடிச்சிட்டான் சிஸ்டர். பொண்டாட்டின்னும் பாக்கல. கைய ஒடச்சிட்டான். இன்னா பண்றது சொல்லுங்க."

நாடா என்பது தறியில் குறுக்கே இங்கும் அங்கும் ஓடும் கட்டை. இரண்டு முனையிலும் இரும்பு வைத்திருக்கும். விசைத்தறியிலிருந்து அது தெறித்து வந்து முகத்தில் பட்டு மண்டை உடைந்தவர்களை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். கையில் எடுத்து அடித்தால் கை உடையாமல் என்ன செய்யும். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய மாவுக்கட்டைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

உடைந்த கையைப் பார்த்து ஒருத்திக்கு நிம்மதி வருமா என்று கேட்பீர்கள். எங்கள் வார்டில் வரும்.

கட்டில்கள் குறைவு, வெளியே காத்திருப்பவர்கள் அதிகம். அதனால் ஒருவரைச் சேர்க்கிற அன்றே, இவர் சீக்கிரம் வீட்டுக்குப் போவாரா, மாதக்கணக்கில் இங்கேயே தங்கிவிடுவாரா என்று நாங்கள் கணிக்க வேண்டும். தங்கிவிடுகிறவருக்கு வார்டில் 'லாங் ஸ்டே' என்று பெயர். யார் அப்படி ஆவார் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், அவருடைய வீட்டு ஆட்களை விடாமல் பிடித்துவைத்துப் பேசலாம், ஊரிலேயே மாத்திரைக்கு ஏற்பாடு செய்யலாம். தெரியாமல் போனால், ஒருநாள் அவருடைய வீடே காணாமல் போய்விடும். போன் நம்பர் மாறியிருக்கும். கதவில் பூட்டு தொங்கும்.

அப்போது புதிதாக வந்திருந்த டாக்டர் கர்னூல் பக்கத்துக்காரர், என்னைவிட மிகவும் இளையவர். இதற்கு ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தார். முன்பு எத்தனை தடவை சேர்ந்தார், குடி உண்டா, மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவாரா, சந்தேகம் எவ்வளவு முற்றியிருக்கிறது, ஆளை அடிக்கிறாரா. அடிக்கிறவருக்குத்தான் அதிக மதிப்பெண். மொத்தம் கூடினால் லாங் ஸ்டே.

என் முறை வேறு. அடித்தாரா என்று பார்க்காதீர்கள், அடிபட்டவர் கூட வந்திருக்கிறாரா என்று பாருங்கள் என்பேன். ராமகுப்பத்திலிருந்து பட்டுப்புழு வளர்க்கிற ஒருவர் வந்தார். பெற்ற தாயின் காதை அரிவாளால் பாதி அறுத்துவிட்டார். அந்த அம்மா தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து சோறு ஊட்டினார். வெறி அடங்கியதும் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அதே சமயத்தில் சித்தூரிலிருந்து இன்னொருவர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு செய்யாத ஆள். கார் வைத்துக்கொண்டு அழைத்துவந்தார்கள். பழம், பிஸ்கட், புதுத் துண்டு எல்லாம் வாங்கி வைத்தார்கள். "மலைக்குப் போய் சாமி கும்பிட்டுட்டு வந்துடறோம்" என்றார்கள். அந்தத் தரிசனம் இன்னும் முடியவில்லை. அவர் எங்கள் வார்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

அடி வாங்கிய பிறகும் கூட வருகிறவர் விட்டுவிட மாட்டார். இதுதான் என் கணக்கு. பலமுறை பலித்திருக்கிறது, அதனால் எனக்குத் தலைக்கனமும் இருந்தது.

"சிஸ்டர், இவர் நிச்சயம் லாங் ஸ்டே" என்றார் டாக்டர், என்னைக் குத்திய அந்தத் தறிக்காரரின் தாளைக் காட்டி. கடி, குத்து, கண்ணாடி, மனைவியின் கை, அண்ணன் மேல் கொலைச் சந்தேகம் என்று மதிப்பெண் வழிந்தது.

"மனைவியின் கைதான் சார் இவரை வீட்டுக்குக் கூட்டிப்போகும்" என்றேன். தோற்பவர் வார்டுக்கே டீ வாங்கித் தர வேண்டும் என்று பேச்சு.

அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போனார். மனைவி கட்டிலுக்குக் கீழே பாயை விரித்தார். எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். சோறு ஊட்டுவது, குளிப்பாட்டுவது, மாத்திரையை வாங்கிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். இந்தப் பெண் ஒற்றைக் கையால் அவ்வளவையும் செய்தார். கணவர் தள்ளிவிட்டால் எழுந்து வந்து மறுபடி ஊட்டுவார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சில நாளில் 'சிஸ்டர், நீங்க' போய் 'அக்கா, நீ' ஆகிவிட்டது.

மருந்து வேலை செய்தது. தறிக்காரர் சாந்தமானார். நன்றாக வாரிவிட்ட தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். தறி தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும், டிவியில் தன்னைப் பற்றிச் செய்தி வாசித்ததும் எல்லாம் உண்மையில்லை என்று அவரே சொல்லத் தொடங்கினார். ஒன்று மட்டும் மாறவில்லை.

"எங்க அண்ணன் கட்டையால அடிக்கிறான் சார். இவள போட்டு அடிக்கிறான்" என்பார் டாக்டரிடம்.

டாக்டர் என்னைப் பார்ப்பார். நான் டாக்டரைப் பார்ப்பேன். சந்தேகம் இன்னும் போகவில்லை என்று தாளில் ஏறும். தறி பேசியது என்று சொன்ன அதே வாய்தானே இதையும் சொல்கிறது. எதைப் பிரித்து எதை நம்புவது என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. இந்த வேலையில் பழுத்தவர்களுக்கு மட்டுமே வருகிற குருடு அது.

"அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம்மா" என்று டாக்டர் சொன்னார். அந்த வாரம் முடிவதற்குள் தறிக்காரருக்குத் தூக்கம் போயிற்று. பிறகு முணுமுணுப்பு. ஒரு காலையில் இரும்புக் கதவில் தலையை மோதத் தொடங்கினார். நாங்கள் ஓடிப் போவதற்குள் நெற்றி பிளந்து கண்ணெல்லாம் ரத்தம். அந்தக் கதவின் சத்தம் எனக்கு வீட்டிலும் கேட்டது.

மறுபடி ஊசி, மறுபடி அமைதி, மறுபடி "அடுத்த வாரம்". இந்த முறை அவர் சாப்பாட்டுத் தட்டை வீசினார். பக்கத்துக் கட்டில்காரரின் கன்னத்தில் எஃகு விளிம்பு பட்டு சதை திறந்துகொண்டது. அவரும் சும்மா இருக்கவில்லை, எழுந்து வந்து இவர் மார்பில் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தார். இருவரையும் பிரித்தபோது என் வளையல் உடைந்து மணிக்கட்டில் ஏறியிருந்தது. தரை முழுவதும் சாம்பார், ரத்தம், கண்ணாடித் துண்டு. அந்தப் பெண் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

"டீக்கு ஸ்பெஷலா ஏலக்காய் போடச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீ ஒரு பொருட்டில்லை. இத்தனை மருந்தில் இந்த உடம்பு இப்படித் திரும்பத் திரும்பக் கெடக் காரணமே இல்லை. மருந்தை மாற்றினோம், அளவைக் கூட்டினோம். டிஸ்சார்ஜ் என்ற பேச்சு எடுக்காதவரை நன்றாக இருப்பார், எடுத்தால் கெட்டுவிடுவார்.

மாவுக்கட்டு பிரிக்கும் நாள் வந்தது. எலும்புப் பிரிவு அடுத்த கட்டடத்தில். தனியாகப் போகத் தெரியாமல் முழிப்பாரே என்று நானே கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவர், "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்க்கா, வலி கீது" என்று இழுத்துக்கொண்டே வந்தார். பயம் என்று நினைத்து, வெட்டும் கருவி தோலைத் தொடாது என்று சமாதானம் சொன்னேன்.

கட்டை நீளவாட்டில் அறுத்து இரண்டு பாதியாகப் பிளந்தார்கள். உள்ளேயிருந்து மாத்திரைகள் உதிர்ந்தன. சில முழுசாக, சில வியர்வையில் கரைந்து பஞ்சோடு பஞ்சாக. சுருங்கி வெளுத்திருந்த அந்தக் கையின் தோலில் சில ஒட்டிக்கொண்டிருந்தன. நான் தினமும் காலையிலும் மாலையிலும் அவருடைய உள்ளங்கையில் வைத்துக் கொடுத்த மாத்திரைகள். அறுத்தவர் கருவியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் தரதரவென்று வெளித் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தேன். "உன் புருஷன கொல்றதுக்கா இங்க வந்து உக்காந்துகினு கீற? அவரு மண்டைய ஒடச்சிக்கினாரே, அத பாத்துகினுதான இருந்த?" என்று கத்தினேன். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். என் கை ஓங்கியிருந்தது. அடித்திருப்பேன், அதில் சந்தேகம் வேண்டாம். என் பல், என் மணிக்கட்டு, பக்கத்துக் கட்டில்காரரின் கன்னம் எல்லாம் சேர்ந்து அந்தக் கையில் ஏறியிருந்தன.

அவர் பின்வாங்கவில்லை. இடது முன்கையை முகத்துக்குக் குறுக்கே, புருவத்துக்கு மேலே தூக்கினார். யோசித்துச் செய்ததல்ல, பழகிய உடம்பு தானாகச் செய்தது.

"இந்தக் கையில வேணாம்க்கா. இப்பத்தான் கட்டு பிரிச்சாங்க" என்றார்.

என் கை கீழே இறங்கியது. அவர் கை இன்னும் அங்கேயே இருந்தது. தையல் தழும்புக்கு முன்னால், முறிந்த இடம் சரியாக வெளிப்பக்கம் பார்த்தபடி. அந்தக் கை எப்படி உடைந்தது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தலையைக் காப்பாற்றத் தூக்கிய கை அது. ஓங்கியவர் யார் என்பது மட்டும்தான் தெரியவில்லை.

"யாரு அடிச்சது?"

"அவுங்க அண்ணன்."

"உன் புருஷன் அடிச்சாருன்னு அன்னைக்கு சொன்னாங்களே."

"நான் சொன்னனா?"

தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கணவர் தனக்குத்தானே பேசத் தொடங்கிய நாளிலிருந்து, பேய் பிடித்திருக்கிறது என்று அண்ணன் அவரைத் தறிக் கொட்டகைத் தூணில் கட்டிப்போட்டு அடிப்பார். சத்தம் வெளியே கேட்காமலிருக்கத் தறியை ஓடவிட்டுவிட்டு அடிப்பார். எங்கள் ஊரில் தறிச் சத்தத்துக்கு யாரும் காது கொடுப்பதில்லை. நடுவில் புகுந்து தடுத்தால் இவருக்கும் விழும். அன்றைக்கு நாடா புருவத்தில் விழுந்தது, அடுத்தது கையில். ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தால் இவரையும் பைத்தியம் என்று அதே வார்டில் சேர்த்துவிட்டுப் போய்விடுவதாக அண்ணன் மிரட்டியிருந்தார். அம்மா வீடு என்று ஒன்று இவருக்குக் கிடையாது.

"தப்புன்னு தெரியும்க்கா" என்றார். "வீட்டுக்கு போலாம்னு சார் சொல்லிட்டா, அவருக்கு தெரியாம இட்லில வெக்கிற மாதிரி வெச்சி, கட்டுக்குள்ள தள்ளிடுவேன். இங்க அவரு கத்துனா நீ ஊசி போடற. அங்க கத்துனா கட்டையால அடிக்கிறாங்க. நல்லா ஆயிட்டா அங்கதான அனுப்புவீங்க."

எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேல் மட்டுமில்லை. தறிக்காரர் தாடை வலிக்க வலிக்க, முதல் நாளிலிருந்து எங்களிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். சொல்லச் சொல்ல நாங்கள் மதிப்பெண் கூட்டினோம்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தத் தாளை மேஜையில் வைத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். "இதுல எல்லாமே நோயாளியைப் பத்தித்தான் இருக்கு சிஸ்டர். போற வீட்டைப் பத்தி ஒரு வரியில்லை" என்றார் தெலுங்கில். நல்ல பிள்ளை. என் முகத்தைப் பார்த்து டீ பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அன்றிலிருந்து மாத்திரையை நானே தறிக்காரர் வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். உடம்பு மளமளவென்று தேறியது. ஆனால் போகிற இடம்? போலீசில் சொல்லலாம் என்றேன், பெண்கள் விடுதி இருக்கிறது என்றேன். விடுதியில் கணவரைச் சேர்க்க மாட்டார்களே என்றார் அந்தப் பெண். இதற்கிடையில், சேர்த்த ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று முன்பே அண்ணனுக்குப் போன தகவலின் பேரில், அவர் ஒரு மதியம் வந்து நின்றார். அதே இஸ்திரிச் சட்டை. கையில் எஃகு டிபன் கேரியர்.

டாக்டர் அவரை அறைக்குக் கூப்பிட்டார். மனைவியின் கையைப் பற்றிக் கேட்டார். அண்ணன் சிரித்தபடி, "பைத்தியக்காரன் பேச்சு சார்" என்றார். வெளியே வந்ததும் சிரிப்பு போய்விட்டது. கட்டிலருகே டிபன் கேரியரை வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடம், "கெளம்பு" என்றார்.

"வர்ல."

"இன்னாது?"

"நாங்க வர்ல."

தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஓர் இழுப்பு. அவர் பாயிலேயே விழுந்து தரையோடு இழுபட்டார். நான் குறுக்கே போனேன். அண்ணன் என்னைத் தள்ளிய வேகத்தில் கட்டில் கம்பி விலாவில் ஏறியது, மூச்சு நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் இடது கை மறுபடியும் புருவத்துக்கு மேலே போனது. அண்ணன் கையை ஓங்கினார்.

ஓங்கிய கை இறங்கவில்லை. தறிக்காரர் கட்டிலிலிருந்து எழுந்து, டிபன் கேரியரைப் பிடியோடு தூக்கி, அண்ணனின் முகத்தில் அடித்தார். முதல் அடியில் புருவம் பிளந்தது. இரண்டாவதில் கேரியர் கழன்று சோறும் குழம்பும் சிதறின. மூன்றாவதற்கு வெறும் பிடிதான் மிச்சம், அதனாலும் அடித்தார். வெள்ளைச் சட்டை மார்புவரை சிவந்துபோயிற்று. அண்ணன் "ஐயோ" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அடி வாங்கத் தெரியாத மனிதர், கையைத் தூக்கக்கூடத் தெரியவில்லை.

ஊழியர்கள் ஓடிவந்தார்கள். அதற்குள் தறிக்காரர் பிடியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. ஊசியோடு வந்த என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், ஊசி வேணாம். தெரிஞ்சிதான் அடிச்சேன்."

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பதற்கு என்ன. ஒரு நர்ஸ் வார்டில் ரத்தம் சிந்தியதற்குச் சந்தோஷப்படக் கூடாது. நான் பட்டேன்.

அண்ணனுக்குத் தையல் போட்டார்கள். போலீசுக்குப் போவேன் என்று குதித்தார். "போலாம் சார். அந்த அம்மாவின் எக்ஸ்ரேயும் என்கிட்ட இருக்கு, சேர்ந்தே போலாம்" என்றார் டாக்டர். அண்ணன் கட்டுப் போட்ட புருவத்தோடு படியிறங்கிப் போனார். டாக்டர் தாளை எடுத்தார். வார்டில் ஆளை அடித்தால் மதிப்பெண் உண்டு. போடுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டார்.

"போட்டால் என்ன ஆகும்?"

"இன்னும் கொஞ்ச நாள் வெச்சிப் பாக்கணும்னு ஆகும்."

"போடுங்க சார்."

அவருடைய கணிப்பும் பலித்தது, என் கணக்கும் பலித்தது. அடிபட்ட மனைவி அவரை விடவில்லை, அடிபட்ட அண்ணன் திரும்பி வரவேயில்லை. தறிக்காரர் லாங் ஸ்டே ஆனார். மாமரங்கள் காய்த்துத் தொங்கும் வரை அவரும் அவர் மனைவியும் எங்களோடு இருந்தார்கள். சித்தூரிலிருந்து தங்கைக்குத் துணையாக வந்திருந்த ஒரு பெண், அங்கே மாம்பழக் கூழ் ஆலையில் சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னார். அண்ணனின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மனைவி கையெழுத்துப் போட, இருவரும் ஒரு பையோடு சித்தூர் பஸ் ஏறினார்கள். டீ நான்தான் வாங்கினேன்.

சீசன் உச்சத்தில் இருந்தபோது சித்தூருக்குப் போனேன். ஆலைக்குப் பின்னால் ஒற்றை அறை. தெருவெல்லாம் பழ வாசனை, ஈ, டிராக்டர். தறிக்காரர் மூட்டை இறக்குகிற வேலை செய்கிறார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே மாத்திரையை விழுங்கி, நான் கேட்காமலே நாக்கைத் தூக்கிக் காட்டினார். மூவரும் சிரித்தோம்.

சிரிக்கும்போது அந்தப் பெண் முகத்தைத் திருப்பினார். காதிலிருந்து கழுத்துவரை புதிதாக ஒரு கருஞ்சிவப்புக் கோடு, தோல் உரிந்திருந்தது. முன்கைகளிலும் திட்டுத் திட்டாக. என் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய கணவரைப் பார்த்தேன். அந்தத் தாளில் ஏறிய அத்தனை மதிப்பெண்ணும் என் மண்டைக்குள் ஓடியது. விலாவும் பல்லும் ஒன்றாக வலித்தன.

"கடைக்குப் போய் சோடா வாங்கிட்டு வாங்க" என்று அவரை அனுப்பினேன். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"யாரு?"

 அவர் கதவைத் திறந்து பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார். வந்தவருக்கும் கழுத்திலும் கையிலும் அதே திட்டுகள், அதே உரிந்த தோல். அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்த இன்னொருவருக்கும்.

"மாங்கா பாலுக்கா. கிளிமூக்கு மாங்காய்க்கு காம்பு கிள்ளுறம்ல, பீச்சி அடிக்கும். பட்ட எடம் வெந்துபூடும். இங்க எல்லாருக்கும் கீது."

நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் போனதும் அவர் மறுபடி கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உரிந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கேட்டது நல்லதுதான்க்கா" என்றார். "அன்னைக்கும் இப்பிடி அவுங்க அண்ணன வெளிய அனுப்பிட்டு, கதவ சாத்திகினு கேட்டிருந்தீன்னா, அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

தறிக்காரர் மூன்று சோடாவோடு வந்து சேர்ந்தார். கதவு ஏன் சாத்தியிருந்தது என்று அவர் கேட்கவில்லை.